முகவாதம்: முதல் நாளிலிருந்து மூன்றாம் மாதம் வரை, பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் பல் துலக்கும்போது வாயிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, ஒரு கண் மூட மறுக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. இப்படித் தொடங்கும் முகவாதத்தை மருத்துவர்கள் பெல்ஸ் பால்சி என்பார்கள். அது வந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், கே.ஆர். புரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் அதை வரிசை மாற்றிச் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள். மருந்துக்கு ஓட வேண்டிய முதல் மூன்று நாளில் எண்ணெய் தடவிக் காத்திருக்கிறார்கள். பொறுமையாக இருக்க வேண்டிய அடுத்த வாரங்களில் பலூன் ஊதி முகத்தை வதைக்கிறார்கள். அதனால் கீழே உள்ளவற்றை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

முகம் கோணுவது மூளைப் பக்கவாதத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். கை அல்லது கால் பலவீனம், பேச்சுக் குழறல், சொல்வது புரியாமல் விழிப்பது, இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, இதுவரை வராத கடும் தலைவலி, இதில் எது கூட இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். போகும் வழியில் சின்ன கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். சி.டி. ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

நெற்றியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். புருவத்தைத் தூக்கச் சொல்லும்போது பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றியில் சுருக்கமே விழவில்லை என்றால் முக நரம்பிலேயே கோளாறு. வாய் மட்டும் கோணி நெற்றி நன்றாகச் சுருங்கினால் மூளையில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். நெற்றியின் இரண்டு பக்கத்துக்கும் மூளையின் இரு பாதிகளிலிருந்தும் இணைப்பு வருவதே காரணம். ஒரு பாதி அடிபட்டாலும் நெற்றி தப்பிக்கும்.

இது மருத்துவருக்கான சோதனை. மூளைத்தண்டில் வரும் சில பக்கவாதங்களில் நெற்றியும் சேர்ந்து விழுந்துவிடும். ஆகவே வீட்டில் நெற்றியைப் பார்த்துவிட்டு, 'சாதா முகவாதம்தான், காலையில் பார்த்துக்கலாம்' என்று படுக்கப் போகாதீர்கள். முகம் கோணினால், காரணம் எதுவாக இருந்தாலும் அன்றே ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும்.

2. கிளம்பும் முன் இவற்றை எடுத்து வையுங்கள்

முகம் எப்போது மாறியது, அல்லது கடைசியாக எப்போது சரியாக இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒன்றிரண்டு நாளில் முழுதாக வந்ததா, வாரக்கணக்கில் மெதுவாகக் கோணியதா என்பதைப் பொறுத்து நோயே வேறாகலாம். மெதுவாக வந்தால் கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

போனில் ஒரு சின்ன வீடியோ எடுங்கள்: சும்மா இருக்கும் முகம், புருவம் தூக்குவது, கண்ணை மெதுவாக மூடுவது, பல் தெரியச் சிரிப்பது, 'ஊ' என்று உதடு குவிப்பது. இது பிறகும் பயன்படும். மூன்றாவது வாரத்தில் 'ஒண்ணுமே மாறலை' என்று மனம் உடையும்போது நினைவை நம்ப முடியாது.

காதுக்குள்ளும் காதைச் சுற்றியும் கொப்புளம் இருக்கிறதா என்று யாரையாவது டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாயின் மேலண்ணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளமும் கடும் காதுவலியும் இருந்தால் அம்மை வைரஸ் நரம்பைத் தாக்கும் ராம்சே ஹன்ட் நோயாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டோடு வைரஸ் மருந்தும் கட்டாயம் வேண்டும். குணமாவதும் தாமதமாகும்.

சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, கடைசிச் சர்க்கரை ரிப்போர்ட், ஆதார், பி.பி.எல். ரேஷன் கார்டு இவற்றை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பி.பி.எல். அட்டைக்குக் கட்டணச் சலுகை உண்டு. கன்னடம் வராத அப்பா அம்மாவை அனுப்புகிறவர்கள் ஒரு சீட்டில் இதை எழுதிக் கொடுக்கலாம்: 'முக ஒந்து கடெ சொட்டகாகிதெ, கண்ணு முச்சோகெ ஆக்தில்லா' (முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, கண்ணை மூட முடியவில்லை). பதிவு கவுன்டரில் இந்த ஒரு வரி போதும், சரியான இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

3. 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு

முக நரம்பு காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு குறுகிய குழாய் வழியாக வருகிறது. நரம்பு வீங்கினால் விரிய இடம் கிடையாது. தன்னைத் தானே நெருக்கிக்கொள்கிறது. ஸ்டீராய்டு அந்த வீக்கத்தைக் குறைக்கிறது. நரம்பு இழைகள் செத்த பிறகு வீக்கம் குறைந்து பயனில்லை. 72 மணி நேரம் என்ற கணக்கு இதனால்தான்.

பிரட்னிசலோன் என்ற மாத்திரைதான் வழக்கம். வைசலோன், ஓம்னாகார்ட்டில் என்ற பெயர்களில் அட்டை வரும். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லிகிராம் அளவில் 10 நாள் திட்டமாகக் கொடுப்பார்கள்; சில மருத்துவர்கள் கடைசி ஐந்து நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். உங்களுக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், தொடக்கத்திலேயே பிரட்னிசலோன் எடுத்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு 9 மாதத்தில் முகம் முழுதாகத் திரும்பியது. எடுக்காதவர்களில் 82 சதவீதம். 'தானாகவே சரியாயிடும்' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மருந்து எடுக்காத நூறு பேரில் அப்படிச் சரியாகாத பதினெட்டுப் பேரில் நீங்களும் ஒருவரா என்பது முதல் நாளில் யாருக்கும் தெரியாது.

எங்கே போவது? இங்கேதான் நம்மவர்கள் நேரத்தை இழக்கிறார்கள். பக்கவாதம் இல்லை என்று தெரிந்துவிட்டால் இந்த மருந்தைத் தொடங்க நிம்ஹான்ஸ் போன்ற பெரிய நரம்பியல் மருத்துவமனைதான் வேண்டும் என்றில்லை. பொது மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், யாரும் தொடங்கலாம். சனிக்கிழமை இரவு முகம் கோணினால் திங்கள்கிழமை ஓ.பி.க்குக் காத்திருக்காமல் பவ்ரிங், விக்டோரியா போன்ற மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே போங்கள். பெரிய மருத்துவரைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொரு பழக்கம், சேதி கேட்டதும் ஊருக்குப் பஸ் ஏறுவது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர் பக்கம் எண்ணெய் வைத்தியரிடம் போய், பத்தியம் இருந்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். எண்ணெய் முகத்துக்குக் கெடுதல் செய்யாமல் இருக்கலாம். போன அந்த வாரம் திரும்பாது. புறா ரத்தம் தடவுவது, மூக்கில் சாறு விடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் தொற்று வரும்.

மருந்துக் கடையில் நரம்பு மாத்திரை என்று மெத்தில்கோபாலமின் கொடுப்பார்கள். அது வைட்டமின் பி12. ஸ்டீராய்டு செய்யும் வேலையை அது செய்யாது. வைரஸ் மருந்தை மட்டும் தனியாகச் சாப்பிடுவதும் பெல்ஸ் பால்சிக்குப் போதாது. முகம் முழுதாக விழுந்தவர்களுக்கு ஸ்டீராய்டோடு சேர்த்துச் சில மருத்துவர்கள் கொடுப்பார்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் ஸ்டீராய்டு என்றதும் பயந்து மாத்திரையைத் தொடாமல் வைத்துவிடுகிறார்கள். சர்க்கரை ஏறும், உண்மைதான். அதற்கு வழி, வீட்டில் தினமும் சர்க்கரை பார்த்து, மருத்துவரிடம் சொல்லி, சர்க்கரை மருந்தை அந்தப் பத்து நாளுக்குக் கூட்டிக்கொள்வது. மாத்திரையைக் காலையில் சாப்பிட்ட பின் போடுங்கள், இரவில் போட்டால் தூக்கம் கெடும். வயிற்றுப்புண், கண் அழுத்தம், காசநோய் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. குழந்தை மருத்துவர் முடிவு செய்வார்.

72 மணி தாண்டிவிட்டதா? அப்படியும் போங்கள். மருந்து கொடுக்கலாமா என்று மருத்துவர் பார்ப்பார். கண்ணைப் பார்க்கவாவது போயே ஆக வேண்டும்.

4. கண்ணை அதே நாளிலிருந்து காப்பாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். முகம் மாதக்கணக்கில் காத்திருக்கும். கருவிழி காத்திருக்காது. மூடாத கண் காய்ந்து, கருவிழியில் புண் வந்து, பார்வை நிரந்தரமாகக் குறையலாம். முகவாதத்தில் திரும்பவே வராத இழப்பு பெரும்பாலும் இதுதான், அதுவும் தடுக்கக் கூடியது.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, விழித்திருக்கும் நேரத்தில் ஒன்று இரண்டு மணிக்கு ஒரு தடவை. கண் உறுத்திய பிறகு விடுவது தாமதம். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை தடவை விடுவதால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத சொட்டாகக் கேட்டு வாங்குங்கள். கண் சிவந்தால் விடும் ஸ்டீராய்டுச் சொட்டை நீங்களாக வாங்கி விடாதீர்கள். கருவிழியில் புண் இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும்.

இரவில் கண் களிம்பு. களிம்பு பார்வையை மங்கலாக்கும் என்பதால் படுக்கப் போகும்போது போடுங்கள். அப்புறம் டேப். மைக்ரோபோர் போன்ற மெல்லிய காகித டேப் போதும். முதலில் விரலின் பின்பக்கத்தால் மேல் இமையை மெதுவாகக் கீழே இறக்கி, கண் முழுதாக மூடியதைக் கண்ணாடியில் பார்த்து, பிறகு இமையின் குறுக்காக ஒட்டுங்கள். பெரும்பாலோர் பஞ்சையோ துணிப் பட்டையையோ கண்மேல் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே கண் திறந்திருந்தால் அந்தத் துணியே கருவிழியை இரவெல்லாம் தேய்க்கும். இமை மூடாமல் எதையும் மேலே வைக்கக் கூடாது.

பெங்களூரில் தூசிக்குக் குறைவில்லை. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் இரு சக்கர வண்டி ஓட்டுவதைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். பின்னால் உட்கார்ந்து போனாலும் முழு முக ஹெல்மெட் போட்டு முன்கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வெளியே போனால் பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி அணியுங்கள். அலுவலகத்தில் ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்காத இடத்தில் உட்காருங்கள். கான்டாக்ட் லென்ஸ் கூடாது.

கண் வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், நன்றாகச் சிவந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனை என்றால் மின்டோ கண் மருத்துவமனை, கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவுக்குப் பக்கம். வலியே இல்லாமல் பார்வை மங்கினாலும் போகத்தான் வேண்டும்.

5. சாப்பாடும் பேச்சும்

கன்னம் வேலை செய்யாததால் சோறு பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே தங்கிவிடும். மற்றப் பக்கத்தில் மென்று, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பின்பும் விரலால் துழாவி வாய் கொப்பளியுங்கள். இல்லையென்றால் வாய்ப்புண் வரும். நாக்கின் முன்பகுதியில் ருசி குறைவதும், ஒரு காதில் குக்கர் விசில்கூட அறைவதுபோல் கேட்பதும் இதே நரம்பின் வேலை. நரம்போடு சேர்ந்து அவையும் சரியாகும்.

'ப', 'ம', 'வ' வரும் சொற்கள் குழறும். பேசும்போது ஒரு விரலால் வாயோரத்தை லேசாகத் தாங்கிக்கொண்டால் தெளிவாக வரும். வீடியோ மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முகம் மரத்துப்போனது போல இருந்தாலும் தொடு உணர்வு இருக்க வேண்டும். ஊசி குத்தினாலும் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

6. முதல் வாரங்களில் முகத்தை வதைக்காதீர்கள்

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது 'என்ன எக்சர்சைஸ் பண்ணணும்?' முகத்தில் துளி அசைவும் இல்லாத கட்டத்தில் பதில்: பலம் போட்டு எதுவும் செய்ய வேண்டாம். நரம்பிலிருந்து தகவல் போகாத தசையை மனவலிமையால் இழுக்க முடியாது. நீங்கள் முக்கி முக்கிச் சிரிக்கும்போது நல்ல பக்கம்தான் இன்னும் பலமாக இழுக்கிறது. கோணல் கூடுகிறது.

சூயிங்கம் மெல்லச் சொல்வார்கள். மெல்லும் தசைக்கு வேறு நரம்பு. முக நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பலூன் ஊதினால் தளர்ந்த கன்னம் இன்னும் தொங்கும், காற்று ஒழுகும், மனம் நொந்துபோகும்.

முகத் தசைக்கு மெஷினால் கரண்ட் வைப்பது பற்றி. நம் ஊர்களில் முகவாதம் என்றால் உடனே மெஷினைத் தூக்கிவிடுகிறார்கள். அதனால் பெல்ஸ் பால்சி சீக்கிரம் குணமாகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. முகம் கட்டுப்பாடில்லாமல் சேர்ந்து சேர்ந்து துடிக்கும் பிரச்சினையை அது கூட்டலாம் என்ற கவலையும் உண்டு. நான் வைப்பதில்லை. தினம் கரண்ட் வைக்கவே ஒரு மாத பேக்கேஜ் கட்டச் சொன்னால், அந்தப் பணத்தைக் கண் சொட்டுக்கும் மருத்துவருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வெதுவெதுப்பான ஈரத் துணியைச் சில நிமிடம் வையுங்கள். விரல் நுனிகளால் தாடையிலிருந்து காதை நோக்கி மெதுவாக மேலே நீவுங்கள். நல்ல பக்கத்தையும் நீவி இளக்குங்கள், அது இரண்டு பக்க வேலையைச் செய்து களைத்திருக்கும். நன்றாகத் தூங்குங்கள். வாரம் ஒரு நாள், அதே வெளிச்சத்தில், அதே ஐந்து அசைவுகளை வீடியோ எடுங்கள். தினமும் எடுத்தால் மாற்றம் தெரியாது.

7. அசைவு வரத் தொடங்கியதும் பயிற்சி

பெரும்பாலானவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் எங்காவது ஒரு சின்னத் துடிப்பு தெரியும். நரம்பு அதிகம் சேதமாகியிருந்தால் அது மறுபடி வளர்ந்து வர வேண்டும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இப்படிப்பட்டவர்களுக்கு மூன்று நான்கு மாதம் ஆவது இயல்பு.

துடிப்பு தெரிந்த பிறகு கண்ணாடி முன் உட்காருங்கள். வாய் மூடிய சின்னப் புன்னகை ஒன்று: நல்ல பக்கத்தை விரலால் மெதுவாகப் பிடித்து நிறுத்தி, பாதிக்கப்பட்ட பக்கம் தன்னால் முடிந்த அளவே வரட்டும். அந்த அளவோடு நிறுத்துங்கள். தேவைப்பட்டால் விரலால் வாயோரத்தைத் தூக்கிவிட்டு, மூளை அந்த வழியை உணர ஒரு கணம் அங்கேயே வையுங்கள். பிறகு முழுதாகத் தளர விடுங்கள். ஐந்து தடவை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. இதேபோல் புருவம், மெதுவாக மூடும் கண், 'ஊ'.

குறைவாக, மெதுவாக, இரண்டு பக்கமும் சமமாக. தினம் நூறு தடவை செய்கிறவர்களுக்கு நான் முதலில் செய்வது, எண்ணிக்கையைக் குறைப்பதுதான். இது ஜிம் பயிற்சி மாதிரி தசை வளர்ப்பு கிடையாது. எந்தத் தசை எப்போது அசைய வேண்டும் என்று மூளைக்கு மறுபடி கற்றுக் கொடுக்கிறோம். களைத்த தசை தப்பாகவே கற்கும்.

8. சிரித்தால் கண் மூடுகிறதா? பயிற்சியை மாற்றுங்கள்

மூன்று முதல் ஆறு மாதத்தில் சிலருக்கு ஒரு புதுப் பிரச்சினை வரும். சிரித்தால் கண் சுருங்கும், கண்ணை மூடினால் வாயோரம் துடிக்கும். திரும்பி வளர்ந்த இழைகள் வழி மாறி வேறு தசைக்குப் போய்ச் சேர்ந்ததால் இது நடக்கிறது. சிலருக்குச் சாப்பிடும்போது அந்தக் கண்ணில் நீர் வழியும், அதற்கும் இதே காரணம்.

இந்தக் கட்டத்தில் ஒரு குழப்பம் வரும். முன்பு தளர்ந்திருந்த பக்கம் இப்போது இறுகி, கண் சின்னதாகி, மூக்கோரக் கோடு ஆழமாகத் தெரியும். 'மத்த பக்கமும் விழுந்துடுச்சு' என்று பதறி வருவார்கள். பலவீனம் என்று நினைத்துக்கொண்டு பயிற்சியைக் கூட்டுவார்கள். இறுக்கம் இன்னும் கூடும்.

இங்கே பலம் போடும் எல்லாப் பயிற்சியையும் நிறுத்துங்கள். கை கழுவிக்கொண்டு கட்டைவிரலைக் கன்னத்தின் உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து, இறுகிய பட்டையை மெதுவாக நீட்டி, தளரும்வரை பிடியுங்கள். அப்புறம் கண்ணாடி முன் மிக மெதுவாகச் சிரியுங்கள். கண் சுருங்கத் தொடங்கும் கணத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். கண் அகலமாக இருக்கும்படியே எவ்வளவு சிரிக்க முடிகிறதோ அதுதான் இன்றைய எல்லை. வாரங்கள் போகப் போக அந்த எல்லை நகரும். முக மறுபயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் போவதற்கு மிகப் பலனுள்ள கட்டம் இதுதான். இறுக்கம் அதிகமானால் குறிப்பிட்ட தசைகளில் சிறிய அளவு போட்டாக்ஸ் ஊசி போடுவார்கள். அது சில மாதங்கள் தாங்கும், அந்த நேரத்தில் பயிற்சி எளிதாகும்.

9. மூன்று மாதத்தில் ஒரு முடிவு எடுங்கள்

மூன்று மாதம் ஆகியும் முகம் சரியாகத் திரும்பவில்லை என்றால் மறுபடி நரம்பியல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சாதாரண முகவாதத்துக்குத் தொடக்கத்தில் எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. இப்போது தேவைப்படலாம். துளியும் அசையாத முகம், காதுக்குக் கீழே கட்டி, அதே பக்கத்தில் மறுபடி மறுபடி வருவது, இரண்டு பக்கமும் ஒன்றாக விழுவது, இவை வேறு நோய்களைக் காட்டும்.

இன்னும் மூடாத கண்ணுக்கு மேல் இமைக்குள் சிறு தங்க எடை வைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. எடையால் இமை தானாக இறங்கும். முகத்தை அசைக்க வேறு நரம்பை எடுத்து இணைக்கும் அறுவை சிகிச்சைக்குக் காலக்கெடு இருக்கிறது. நரம்பு கிடைக்காத தசை நாளாக நாளாகச் சுருங்கிப் போகும், ஏறக்குறைய ஒன்று ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அந்த வழி அடைபடத் தொடங்கும். அதற்குப் பின் தொடையிலிருந்து தசையை எடுத்து வைக்கும் பெரிய அறுவை சிகிச்சைதான். 'இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்' என்று யார் சொன்னாலும், முகத்துக்கான பிளாஸ்டிக் சர்ஜனை ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை பார்த்துக் கருத்துக் கேட்டுவிடுங்கள்.

போகும்போது முதல் நாள் வீடியோவிலிருந்து வாரவாரம் எடுத்தவை எல்லாம் போனில் இருக்கட்டும். எந்த மாத்திரை, எந்தத் தேதியில் தொடங்கியது என்ற சீட்டையும் எடுத்துப் போங்கள்.